ஜெனரேட்டர் அறையில் ஒரு பட்டறை

ஜூன் 3, செவ்வாய்

சங்கக் கூட்டத்தில் நான் கேட்டது கிடைத்துவிட்டது. குடியிருப்பின் பழைய ஜெனரேட்டர் அறை இனிமேல் பொதுப் பட்டறை. யார் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அங்கே கொண்டு வரலாம், அங்கிருக்கும் கருவிகளை வைத்துத் தாங்களே திறந்து பார்க்கலாம். செயலாளர் நடேசமூர்த்தி சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பாக்கலாமுங்க மேடம். ஆளுங்க வந்து பொழங்குனா ரூமு உங்களுக்கு. இல்லீன்னா பார்சல் வெக்கறதுக்கு எடுத்துக்குவோம். வாட்ச்மேன் கேபின்ல டப்பா வெக்க எடமே இல்லீங்க."

ஆறு பிளாக்கிலும் போனில் ஆர்டர் போடுவதைத் தவிர யாருக்கும் வேறு தொழில் இல்லை போலிருக்கிறது. சரி என்றேன்.

இதில் எதற்கு இறங்கினாய் என்று சிலர் கேட்டார்கள். யு.பி.எஸ். கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் தலை நரைக்கும் வரை இருந்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள், கை சும்மா இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். இத்தனை வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்த தங்கை தமயந்தி, தை மாதம் கல்யாணம் செய்துகொண்டு மைசூருக்குப் போனதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐம்பது தாண்டிக் கல்யாணம். நல்ல விஷயம். கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

ஜூன் 7, சனி

தரையில் ஊறிக் கிடந்த டீசலை மரத்தூள் போட்டுத் தேய்த்தேன். வாசனை போகவில்லை, கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது.

அடுத்தது எர்த், கசிகிற கரண்ட்டை மண்ணில் இறக்கும் இணைப்பு. எங்கள் தொழிலில் அது குலதெய்வம் மாதிரி. அதைக் கவனிக்காமல் எந்த வேலையும் தொடங்கமாட்டோம். அறைக்கு வெளியே பழைய எர்த் குழி காய்ந்து கிடந்தது. உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். காலை நடைக்கு வந்த ஏ பிளாக்காரர் ஒருவர் நின்று, "என்ன செடி வெக்கறீங்க?" என்றார். செடி இல்லை, கரண்டுக்கு என்றேன். "நல்லா வரட்டுமுங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஜூன் 14, சனி

உக்கடம் பழைய மார்க்கெட். சாமானை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், இரண்டு கட்டிங் பிளையர், துருப்பிடித்த ஆனால் நேரான ஒரு நோஸ் பிளையர். பேரம் பேசத் தமயந்திதான் சரியான ஆள். நான் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

நூறு வாட் குண்டு பல்புக்குத்தான் அலைந்தேன். சீரிஸ் போர்டு இல்லாமல் என்ன பட்டறை? கெட்டுப்போன சாமானை நேரே பிளக்கில் சொருகினால் வெடித்தாலும் வெடிக்கும். நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். சாமான் தப்பிக்கும். கடைக்காரர் ஒவ்வொருவரும் எல்.ஈ.டி.யை எடுத்து நீட்டினார்கள்.

"குண்டு பல்பு இப்ப யாருங்க வாங்கறா? இது அஞ்சு வருசம் வருமுங்க. கரண்டு பில்லும் மிச்சம்."

எனக்கு மிச்சம் வேண்டாம், அடி வாங்குகிற பல்பு வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். கடைசியில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டப் பல்பு விற்கும் ஒரு கடையில் கிடைத்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஒருத்திக்கு ரசம் வைக்கும் அளவு இன்னும் பிடிபடவில்லை. மிஞ்சியது.

ஜூன் 26, வியாழன்

மூடிய கம்பெனியிலிருந்து ஒரு பழைய ஆசிலோஸ்கோப் வந்து சேர்ந்தது. மின்சாரம் எப்படி அலைகிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டி. ஸ்டோர்ஸில் இருந்தவர் எனக்காக எடுத்து வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் பச்சைக்கோடு எழுந்து நின்றது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டதாக நினைத்துக்கொண்டேன். தப்பில்லை, என்னோடுதான் அதிக காலம் இருந்தது.

நடேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். கதவருகே நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அடேங்கப்பா. எல்லாம் வந்துருச்சுங்களே. எப்பங்க தொறக்கறீங்க?"

"ஸ்கோப்போட புரோப் ஒயர் சரியில்ல சார். பவர் சப்ளையும் வரணும். வந்தொடனே தொறந்துரலாம்."

"ஆகஸ்ட்டுங்க மேடம்."

"தெரியும் சார்."

கருவி முழுசாக இல்லாமல் எப்படித் திறப்பது? அரைகுறையாகத் திறந்தால் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

ஜூலை 5, சனி

பவர் சப்ளை வந்துவிட்டது. ஆனால் மேசைக்கு ரப்பர் விரிப்பு வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

சி பிளாக்கில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் ஷர்மிளா பானு வந்தாள். கையில் தையல் மெஷினின் கால் பெடல்.

"அக்கா, மோட்டாரு நின்னு நின்னு ஓடுது. பெடலாத்தான் இருக்கும்னு வீட்டுல சொன்னாங்க. பாக்கலாமா?"

இன்னும் திறக்கவில்லை என்றேன்.

"இதா, தொறந்துதான இருக்கு?"

கதவுதான் திறந்திருக்கிறது, பட்டறை திறக்கவில்லை என்று விளக்கினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண். விரிப்பு மட்டும் வந்திருந்தால் இன்றைக்கே பார்த்திருப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

தமயந்தி போன் செய்தாள். எடுக்கவில்லை. கையில் ஈயம் வைத்து ஒட்டும் சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது. மாலையில் மறுபடி செய்தாள். அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

விரிப்பு வந்தது. சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஆணி வைத்து, அதன் உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். எது எடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இது இல்லாமல் முடியாது.

எல்லாம் அதனதன் இடத்தில் தொங்குகின்றன. ஒன்றும் குறையவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டரின் கம்பிகளைச் சுருட்டி மாட்ட ஒரு கொக்கி இருந்தால் நன்றாக இருக்கும். அது வந்ததும் திறந்துவிடலாம்.

ஜூலை 19, சனி

கொக்கிக்காகக் காத்திருக்க விடவில்லை.

மத்தியானம் காற்றோடு மழை. மரக்கிளை முறிந்து டிரான்ஸ்பார்மர் பக்கத்து ஒயர் மேல் விழுந்தது. நான் பட்டறையில் இருந்தேன். தலைக்கு மேல் ட்யூப் லைட் திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது. ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றியது. நியூட்ரல் போய்விட்டது என்று புரிந்ததும் ஓடிப்போய் என் மெயினை இறக்கினேன். வெளியே பிளாக் பிளாக்காகப் பட் பட் என்று சத்தம். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், அறுந்தால் வீட்டுக்கு வரவேண்டிய கரண்ட்டைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு உள்ளே பாயும். டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர், வாஷிங் மெஷின் என்று பார்ப்பதில்லை.

மழை விட்டதும் வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். கையில் டிவி, மடியில் மோடம், தோளில் இன்டக்‌ஷன் அடுப்பு. சங்கத் தேர்தலுக்குக்கூட இத்தனை பேர் வந்ததில்லை. நடேசமூர்த்தி தன் வீட்டு வைஃபை பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

"பொழைக்குமுங்களா மேடம்?"

திறந்தேன். உள்ளே வாசலிலேயே ஒரு நீல வில்லை இருக்கும், வேரிஸ்டர் என்பார்கள். கரண்ட் எகிறினால் தான் வெடித்து மற்றதைக் காப்பாற்றும். அது கருகி இரண்டாகப் பிளந்திருந்தது. அதையும் ஃப்யூஸையும் மாற்றினேன். ஈ.பி.காரர்கள் லைனைச் சரிசெய்து, வோல்டேஜ் ஒழுங்காக இருக்கிறது என்று மீட்டரில் பார்த்த பிறகு, சீரிஸ் பல்பு வழியாகக் கொடுத்தேன். பல்பு ஒரு நொடி மின்னி அடங்கியது. பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எனக்குக் கைதட்டி எத்தனை காலம் ஆயிற்று? கம்பெனியில் பாஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டுவோம், கைதட்டமாட்டோம்.

ஒவ்வொன்றாகத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். எது வேரிஸ்டர், எது ஃப்யூஸ். ஷர்மிளா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் இருவராகக் கலைந்தார்கள். "வெச்சுக்குங்க, அப்புறமா வந்து வாங்கிக்கறோம்" என்றார்கள். மழைக்குளிரில் எத்தனை நேரம்தான் இருப்பார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று வருவார்கள் என்று பிளாஸ்கில் டீ கொண்டுபோனேன். பெரிய பிளாஸ்க்.

ஜூலை 27, ஞாயிறு

கதவுக் கைப்பிடியில் பைகள் தொங்குகின்றன. உள்ளே கெட்டுப்போன சாமான், மேலே ஒட்டிய சீட்டில் வீட்டு நம்பர். "ஏ-12. ஆன் ஆகவில்லை." "எஃப்-3. கருகல் வாசனை. அவசரம்." ஒன்றில் நன்றி என்று முன்கூட்டியே எழுதி, சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறது.

சரிசெய்து வாட்ச்மேனிடம் கொடுத்தால் அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். வசதியான ஏற்பாடு. எனக்கும் வேலை தடைபடுவதில்லை. மேசையைச் சுற்றி ஆள் நின்றால் கை ஓடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடேசமூர்த்திக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"கமிட்டில பேசிட்டனுங்க மேடம். ரூமு உங்களுக்கேதான். இனி யாரும் கைவெக்க மாட்டாங்க. எஃப் பிளாக்குல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசறாங்க."

நின்றபடியே சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒரு மிக்ஸியையும் வைத்துவிட்டுப் போனார்.

அறை கிடைத்துவிட்டது. நான் கேட்டது இதுதானே? கருவி இருக்கிறது, வேலை இருக்கிறது, பூட்டும் சாவியும் இருக்கின்றன. சந்தோஷமாக இருக்க வேண்டும். இன்று மூன்று மோடமும் ஒரு மிக்ஸியும் சரிசெய்தேன். காலையிலிருந்து நான் பேசியது, வாட்ச்மேனிடம், "இது டி பிளாக்குக்கு" என்றதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தமயந்தி போன் செய்தபோது சால்டரிங் அயர்ன் ஆறிப்போய்க் கிடந்தது. எடுத்துவிட்டேன்.

"அக்கா, எடுத்துட்டியா! சாப்ட்டியா? பட்டறை எப்படிப் போவுது? ஆளுங்க வர்றாங்களா?"

"வராம? எடம் பத்தல."

"யாரெல்லாம்?"

"ஷர்மிளான்னு ஒருத்தி, தெனமும் வந்துருவா. நடேசமூர்த்தி வருவாரு. ஏ பிளாக்குல ரெண்டு பேரு. எல்லாரும் மேசையச் சுத்தி உக்காந்துட்டு ஒரே பேச்சு. வேலையே ஓட மாட்டேங்குது போ."

எங்கிருந்து வந்ததோ, தண்ணீர் மாதிரி வந்தது. ஷர்மிளா பிரியாணி கொண்டுவந்ததாகக்கூடச் சொன்னேன்.

தமயந்தி, "இப்பத்தான்க்கா எனக்கு நிம்மதி. உன்னத் தனியா விட்டுட்டு வந்துட்டமேன்னு தெனமும் மனசு அடிச்சுக்கும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "இருபத்தி நாலாந் தேதி நான் மட்டும் வர்றேன். அவங்க எல்லாரையும் பாக்கணும்."

ஆகஸ்ட் 11, திங்கள்

அவள் வர வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் யோசித்தேன். வெள்ளை அடிக்கிறார்கள் என்று சொல்லலாம். எனக்கு அம்மை என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். அவளை எனக்குத் தெரியும்.

அவளைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் என்ன. தங்கை வருகிறாள் என்று வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று கதவில் ஏழெட்டுப் பைகள். ஒன்றையும் திறக்கவில்லை. ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டை ஒட்டி, வாட்ச்மேனிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். "இது கடை இல்லை. சாமானோடு நீங்களும் வந்து உட்கார்ந்தால்தான் திறப்பேன். பூங்கோதை."

வாட்ச்மேன் படித்துவிட்டு, "கோவமுங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. அதன் பிறகு ஷர்மிளா வந்தாள். ஒரு கையில் அந்தப் பெடல், இன்னொரு கையில் என் சீட்டு.

"என்னக்கா இது? ஆர்டர் நிக்குது. பள்ளிக்கூட யூனிபாரம், நாளைக்குக் குடுக்கணும். மொதல்ல தொறக்கலன்னீங்க. இப்ப திருப்பி அனுப்பறீங்க."

"வந்து உக்காருங்கன்னுதான எழுதிருக்கேன்?"

"எழுதிருக்கீங்க. எங்கக்கா உக்கார்றது?"

அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் கருவிகள் கறுப்பு உருவங்களோடு தொங்கின. ஆசிலோஸ்கோப், பவர் சப்ளை, சீரிஸ் போர்டு, சால்டர் உறிஞ்சும் பம்ப், தூசி தட்டும் பிரஷ் உட்பட எல்லாம் இருந்தன. மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், அது என்னுடையது. வேறு எதுவும் இல்லை.

"அன்னிக்குக் கரண்டு எகிறுனப்பவும் நின்னுட்டேதான் இருந்தோம். எனக்குக் கால் வலி. பெரியவங்கெல்லாம் எத்தன நேரம் நிப்பாங்க?"

எங்கள் டெஸ்டிங் பிரிவில் ஒரு விதி. ஒரு மேசைக்கு ஒரே ஆள்தான். பெரிய வோல்டேஜ் ஓடும் இடம், பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது. இன்னொரு ஸ்டூலைப் பார்த்தாலே சூப்பர்வைசர் வெளியே தூக்கிப் போடச் சொல்வார். அந்தப் பழக்கத்தில், ஆறு பிளாக்குக்கு என்று கேட்டு வாங்கிய அறையை ஒருத்திக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். ரப்பர் விரிப்புக்கும் கொக்கிக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். மனிதர் உட்கார வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகிவிட்டது. ஷர்மிளா பயந்துபோனாள்.

"ஐயோ அக்கா, நான் சண்டைக்கு வரல. பெடலு கெடக்குது, விடுங்க."

"பெடல் இல்ல ஷர்மிளா. தனியா உக்காந்து செய்ய முடியல. வீட்டுலயும் தனியா, இங்கயும் தனியா. இதுக்கு மேல என்னால முடியல."

சொல்லிவிட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை.

அவள் வெளியே போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அண்ணன் கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்று என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க, எந்தத் திருகாணி?"

அவளே திறந்தாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒயரின் இரு நுனியில் வைக்கச் சொன்னேன். பீப் அடித்தது. ஒயரை மடக்கச் சொன்னேன், பீப் நின்றது. உறைக்குள்ளேயே கம்பி அறுந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி மறுபடி சால்டர் வைத்தோம். முதல் சால்டர் உருண்டை கொழுக்கட்டை மாதிரி வந்தது. பரவாயில்லை என்றேன். கம்பெனியில் இதற்கு ரிஜெக்ட் போட்டிருப்பேன்.

போகும்போது, "தங்கச்சி வருதுன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாங்களே, என்னிக்கு?" என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன். அவள் பெயரை நான் தமயந்தியிடம் எதற்கெல்லாம் இழுத்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஷர்மிளா வந்தாள். கூடவே எஃப் பிளாக் அம்மா ஒருவர், இன்டக்‌ஷன் அடுப்போடும் ஒரு முக்காலியோடும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் சாவியை ஷர்மிளாவிடம் கொடுத்துவிட்டுக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திம்பம் மலைப்பாதை வளைவில் லாரி ஒன்று மாட்டிக்கொண்டதாம். மைசூர் பஸ் தாமதம். தமயந்தி இறங்கியபோது பசியில் முகம் வாடியிருந்தது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "எளச்சுட்ட" என்றாள். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். போய் நின்றால் பூட்டிய கதவும் நாலு பைகளும் இருக்கும், என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பட்டறைக்கு வெளியிலேயே பேச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு நாற்காலி, முக்காலி, பிரம்பு மோடா, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா. எல்லாவற்றிலும் ஆட்கள். நடேசமூர்த்தி தன் மிக்ஸியின் வயிற்றைப் பிளந்துவிட்டு, எதை எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். என் ஸ்டூலில் எஃப் பிளாக் அம்மா. பலகையில் பாதிக் கருவிகள் இல்லை, கறுப்பு உருவங்கள் மட்டும் இருந்தன. யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தமயந்தி ஷர்மிளாவைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்கதான் தெனமும் வர்றவங்களா? பிரியாணிகூடக் கொண்டாந்தீங்களாமே?"

ஷர்மிளா என்னைப் பார்த்தாள். நான் சீரிஸ் பல்பைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றாள் ஷர்மிளா. "அடுத்த வாரமும் கொண்டாரணும்னு இருக்கேன்." பிறகு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு எடமில்ல. வீட்டுல இருந்து ஒரு சேர் எடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.

இரண்டு பேரும் மாடி ஏறினோம். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இரண்டே நாற்காலிகள். என்னுடையதன் முதுகில் துண்டு கிடக்கும். எதிரில் இருப்பது தமயந்தியுடையது. தை மாதத்திலிருந்து அதை நான் நகர்த்தவில்லை, பெருக்கும்போதுகூடச் சுற்றித்தான் பெருக்குவேன். அதன் முதுகைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"அது என்னோடது" என்றாள் தமயந்தி.

"ஆமா."

அவள் நாற்காலியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். முன்கால்களை அவள் பிடித்துக்கொண்டாள், முதுகை நான் பிடித்துக்கொண்டேன். படியில் இறக்கிக்கொண்டு போய் மேசையருகே, ஷர்மிளாவுக்கும் நடேசமூர்த்திக்கும் நடுவில் போட்டோம்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு உட்கார நாற்காலி இல்லை. தரையில் பாய் விரித்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.